பீலிக்கு எடுத்த பாடை

இலங்கை மலையகத்தில், எல்ல நகருக்குக் கீழே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்குச் சிவசக்தியைத்தான் கூப்பிடுவார்கள். நாற்பதைத் தாண்டியவர். கொழுந்து பறிக்கிறார். கொழும்பில் கொஞ்சக் காலம் வீட்டுவேலை பார்த்துவிட்டு, "அங்க அழுறதுக்குக்கூட கதவச் சாத்தணும்" என்று திரும்பி வந்தவர்.

அவருடைய லயத்து வரிசை வீடுகளுக்குக் குடிக்கவும் குளிக்கவும் ஒரே தண்ணீர், ஓடையிலிருந்து குழாய் வழியே விழும் பீலிதான். மேட்டில் ஒரு சுற்றுலா விடுதி வந்தபின் பீலியில் சவர்க்கார நுரையும் சமையல் எண்ணெயும் வந்தன. சிவசக்தி விடுதியில் சொன்னார். தோட்டத்து ஆபீசிலும் சொன்னார். இரண்டு இடத்திலும் தலையை ஆட்டினார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, பீலிக் குழாயைக் கழற்றி வெள்ளைத் துணியில் சுற்றி, மூங்கில் பாடையில் கிடத்தி, விடுதி வாசலில் இறக்கினார். தோட்டத்துச் சாவுகளுக்குப் பறை கொட்டும் மாடசாமி தப்பில் சாவு அடி அடித்தார். சிவசக்தி முடியை அவிழ்த்துவிட்டு, குழாயைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"பளிங்காட்டம் வந்த ஒன்ன
பாழாக்கி விட்டாங்களே..."

தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுத்தார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். மேனேஜர் தினுஷனும் தட்டினார். பதுளையில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை.

"நல்லா இருக்குக்கா. வாரா வாரம் செய்யுங்களேன், கெஸ்ட்டுக்குப் பிடிக்கும்."

மாடசாமி தப்பைக் கீழே வைத்துவிட்டார்.

ஆனால் தப்புச் சத்தம் எதிர்மலைக்குக் கேட்டிருந்தது. சாவு என்றால் அங்கே யாரும் மலையில் வேலைக்கு நிற்க மாட்டார்கள். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, மாலையும் கோடித்துணியுமாகப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

"யாரு சக்தி போனது?" முன்னால் வந்த இராக்கம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"பீலிக்கா."

"அடிப்பாவி. இதுக்கா வேலைய விட்டு ஓடியாந்தோம்? மாலை வேற கட்டியாந்திருக்கு."

"போட்டுருங்க. அதுக்கும் யாரு இருக்கா?"

யாரோ சிரித்தார்கள். இராக்கம்மா சிரிக்கவில்லை. "கொழாயோ ஆளோ, பாடையப் பாத்தாச்சு. தல முழுகாம எப்பிடி வீட்டுக்குள்ள போறது?"

முழுகுவதற்குப் பீலிக்குத்தான் போக வேண்டும். இராக்கம்மா போனார். குழாய் கழன்ற இடத்தில் வழிந்த தண்ணீரில் கையை நனைத்து முகர்ந்து பார்த்தார். நேரே திரும்பி வந்து தினுஷன் முன்னால் நின்றார்.

"தம்பி, சாவுக்கு வந்தவங்க. குளிக்கத் தண்ணி விடுங்க."

அப்படிக் கேட்பவர்களை விரட்டக்கூடாது என்பது தினுஷன் வீட்டிலும் உள்ள வழக்கம். பின்பக்கக் குழாயைத் திறந்துவிட்டார். பெண்கள் வரிசையாக, அவசரமில்லாமல் முழுகினார்கள். மதியத்துக்குள் விடுதியின் தண்ணீர்த் தாங்கி காலி. அறைகளில் குழாய் வறண்டது.

"கெஸ்ட் எல்லாம் தண்ணி கேக்குறாங்கக்கா."

"நாங்களும் அதத்தான் தம்பி கேக்குறோம்" என்றார் சிவசக்தி.

மறுவாரம் விடுதிக்குப் பின்னால் கழிவுக்குழி வெட்டினார்கள். கழிவுக் குழாய் ஓடையை விட்டுத் திரும்பியது.

பீலியைத் திரும்ப மாட்டிய அன்று, சிவசக்தி முதல் குடத்தை முகர்ந்து பார்த்துக் கொட்டினார். அடுத்ததையும் கொட்டினார். அதற்கடுத்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தார்.