பதினேழாம் கம்பம்

கம்பத்தின் அடியில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் போதும், கிறிஸ்துதாஸுக்குத் தெரிந்துவிடும். நல்ல இரும்பு கணீரென்று பேசும். துரு தின்ற இரும்பு தொண்டை அடைத்தவனைப் போல முனகும். ஏற்காட்டின் தெருவிளக்குகளோடு இருபத்திரண்டு வருடம் மல்லுக்கட்டிய வயர்மேன் அவர்.

பழைய கம்பங்களை மாற்றப் போகிறார்கள் என்றதும், ஒண்டிக்கடையிலிருந்து மாதா கோயில் வளைவு வரை ஒரு மாதம் மண்ணைக் கிளறித் தட்டிப் பார்த்தார். உளுத்த கம்பங்களுக்கு இடுப்பளவில் சிவப்பு வளையம் போட்டு, எண்களை லிஸ்ட்டாக எழுதி ஆபீசில் கொடுத்தார். மொத்தம் பதினொன்று. அவற்றில் அவர் தூக்கத்தைக் கெடுத்தது கோயில் வளைவில் நின்ற பதினேழாம் எண். அங்கேதான் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பார்கள். மகள் அபிஷாவும் அதில் சாய்ந்துதான் நிற்பாள்.

"சாயாத கண்ணுன்னா கேக்கறியா?"

"எல்லாரும்தான் சாயறாங்கப்பா."

நடுவில் கோயில் திருவிழா வந்தது. சீரியல் பல்பு கட்டத்தான் என்று நினைத்து, பங்கு இளைஞர்களுக்கு ஏணியைக் கொடுத்துவிட்டுச் சேலத்துக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால், தேர் போகும் பாதை நெடுகக் கம்பங்களுக்குச் சில்வர் பெயிண்ட் அடித்திருந்தார்கள், மாதாவுக்காக. துரு, எண், சிவப்பு வளையம் எல்லாம் அதற்குள் போய்விட்டன. ஏணி கொடுத்த தன் கையையே வெறுத்தார்.

மறுவாரம் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வசந்த் லாரியோடு வந்தான். தேர் போகாத பக்கம் வளையம் மிச்சமிருந்த நான்கை மட்டும் மாற்றினான்.

"பதினேழு உளுத்துப் போச்சுங்க தம்பி. என்ற லிஸ்ட்டுல பாருங்க."

"லிஸ்ட்டு இருக்குதுங்கண்ணா. கம்பத்துல நம்பர் எங்கைங்க? குறி இருக்கற போட்டோ ஏத்துனாத்தான் புதுசு. இது என்ற கல்யாண மோதரத்தவிட நொம்பப் பளபளன்னு நிக்குது!"

"இப்பவே குறி போடறனுங்க."

"சர்வே முடிஞ்சுருச்சுங்கண்ணா. அடுத்த வருசம் பாக்கலாம்."

அடுத்த வருடம்! அத்தனை காலைகள் அபிஷா அதில் சாய்ந்து நிற்க வேண்டுமா? கிறிஸ்துதாஸின் கண்ணில் குபுக்கென்று நீர் முட்டியது. மின்சாரத்தை நிறுத்தினார். ஏணியைக் கம்பத்தில் சாத்தப் பயந்து, லாரிமேல் சாத்தி ஏறினார். வயரை வெட்டினார், பழைய விளக்குக் கூட்டைக் கழற்றினார். ரோட்டில் இருபுறமும் ஆட்களை நிறுத்திவிட்டு, கயிறு கட்டி எட்ட நின்று இழுத்தார். இரண்டே இழுப்பு. கம்பம் அடியில் முறிந்து விழுந்தது.

வசந்தின் முகம் வெளுத்தது. "ஏனுங்கண்ணா இப்படிப் பண்ணீட்டீங்க? நான் ரிப்போர்ட்டு எழுதோணுமுங்க!"

"எழுதுங்க தம்பி. எப்படி உழுந்துச்சுன்னும் சேத்து எழுதுங்க."

அதை மட்டும் அவன் எழுதவில்லை. திங்கட்கிழமை மெமோ வந்தது: பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதற்கு மூன்று நாளில் பதில் தரவேண்டும். மனைவி லூர்துசெல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊரு வெளக்கையெல்லாம் எரிய வெச்ச மனுசனுக்கு இதுதானுங்களா? வேலை போயிருச்சுன்னா ஊடு என்னாவறது?"

மறுநாள் காலை அவர் வளைவுக்குப் போனார். அங்கே இப்போது விளக்கும் இல்லை, கம்பமும் இல்லை. பிள்ளைகள் வெறும் ரோட்டோரத்தில் நின்று பஸ் ஏறினார்கள். அபிஷா கைகட்டி நிமிர்ந்து நின்றிருந்தாள். பார்த்துவிட்டு, முறிந்த அடித்துண்டைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு ஆபீசுக்கு நடந்தார்.

அதிகாரியின் மேசைமேல் அதை இறக்கியதும், கிளார்க் கலாவதி பதறி எழுந்தாள். "ஐயோ, பைலு மேலெல்லாம் துரு கொட்டுதுங்கண்ணா!"

"கொட்டட்டும்னுதான் கொண்டாந்தனுங்க" என்றார் கிறிஸ்துதாஸ்.