ஆரஞ்சுக் கம்பு

வெர்னா ஹோல்முக்கு எங்கள் தெரு வைக்காத பட்டப்பெயர் இல்லை. அக்டோபர் பிறந்தால் போதும், ஒரு கட்டு ஆரஞ்சுக் கம்புகளோடு வீடு வீடாக வந்துவிடுவாள். ஹீட்டரின் புகைக்குழாய் வெளிச்சுவரில் முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அதன் பக்கத்தில் ஒரு கம்பை அடித்து நடுவாள். "இந்தக் கம்புகிட்ட ஒரு வாரி பனியை அள்ளிப் போட்டீங்க, அப்புறம் தெரியும் நான் யாருன்னு!" என்று மிரட்டிவிட்டுப் போவாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பியூட் என்கிற இந்தப் பனியூரின் மலைச்சரிவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பனியைப் பற்றிப் பாடமா? முப்பது வருஷம் ஹீட்டர் ரிப்பேர் பார்த்தால் ஊரையே அதட்டலாமா?

அவள் கோபத்தின் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு ஜனவரியில் அவளை வேலைக்குக் கூப்பிட்ட வீட்டில் கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேஜையில் தலை சாய்த்துக் கிடந்தார்கள், காப்பி தொடப்படாமல் இருந்தது. வாசல் பனியை வாரிக் குழாய்மேல் குவித்தது அந்தக் கணவனேதான்; வெளியேற வழியில்லாத விஷவாயு வீட்டுக்குள் திரும்பி இருவரையும் கொன்றிருந்தது. இதெல்லாம் தெரிந்தும், போன வருஷம் கோடையில் என் வீட்டுக் கம்பைப் பிடுங்கித் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்தேன்.

அந்த அக்டோபரில் வெர்னாவுக்கு முழங்கால் ஆபரேஷன். போனில்தான் கேட்டாள்.

"நோரீன், கம்பு இருக்கா?"

"இருக்கு, இருக்கு."

"போய்ப் பாத்தியா?"

"பாத்தேன்டீ, ஆளை விடு!"

நவம்பர் கடைசியில் பெரிய பனி வருகிறது என்று மூன்று நாளாக ரேடியோ கத்தியது. ரொட்டி, பால், உப்பு எல்லாம் வாங்கிவைத்தேன். விஷவாயு அலாரம் பேட்டரி கேட்டுக் கீச்சிட்டதால் என் கணவர் மைலோ அதைக் கழற்றி டிராயரில் போட்டிருந்தார். அது அங்கேயே கிடந்தது.

காலையில் இடுப்பளவு பனி. மைலோ தலைவலி, ஃப்ளூ என்று சோபாவில் படுத்துவிட்டார். நான் வெளியே வந்து நடைபாதைப் பனியை வாரி வாரிச் சுவரோரம் எறிந்துகொண்டிருந்தேன். தெருமுனையிலிருந்து வெர்னா மண்வாரியை ஊன்றி நொண்டிக்கொண்டே வந்தாள்.

"கம்பு எங்கடீ?"

"அது... தக்காளிக்கு..."

"அறிவிருக்கா உனக்கு? மைலோ எங்க?"

அவள் முகத்தைப் பார்த்ததும், மைலோவின் தலைவலி ஃப்ளூ இல்லை என்று எனக்கு உறைத்தது. உள்ளே ஓடினேன். எவ்வளவு உலுக்கியும் மைலோ கண் திறக்கவில்லை. வெர்னா கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டாள். ஆளுக்கொரு தோளைப் பிடித்துப் பனிக்குள் இழுத்துப் போட்டோம். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் என்னைத் திட்டியபடியே இருந்தாள். ஒரு வார்த்தைகூட அநியாயமில்லை.

ஆஸ்பத்திரியில் மைலோ சொன்னார்: "வெர்னா கத்துறது கேட்டுச்சு. சரி, இன்னும் சாகலைன்னு நினைச்சுக்கிட்டேன்."

இந்த அக்டோபரில் வெர்னாவோடு நானும் வீடு வீடாகப் போனேன்; கம்புக்கட்டு என் தோளில் இருந்தது. மூலை வீட்டுக்குப் புதிதாக வந்தவர் வாசலில் நின்று முகம் சுளித்தார்.

"இந்தக் கலர் என் வீட்டுக்குப் பொருத்தமா இல்லையே. அவசியம் நடணுமா?"

வெர்னா வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். தெருக்கோடிவரை கேட்டதாம்.