முகமூடிக்காரன் காட்டிய பக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைச் சாலையில் முகமூடித் திருவிழா என்று என் மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால் எலி, புலி, பல்லிளிக்கிற பூதம் என்று ஆளுக்கொரு ரப்பர் மூஞ்சி. ஸ்பீக்கர் காதைக் கிழிக்கிறது. ஒருத்தன்கூட ஆடவில்லை. அத்தனை பேரும் கையை நீட்டித் தங்களையே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தூ, இதுக்குப் பேர் திருவிழாவாம்! இங்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வைப்போம், அதில்கூட இதைவிடக் களை இருக்கும்.

“மூஞ்சிய இப்படி வெச்சிக்கினு நின்னா யாரு பாக்கறது? இந்தாங்க” என்று அவள் ஒரு ரப்பர் கரடியை என் தலையில் கவிழ்த்தாள். எனக்கு முன்னால் போட்டவன் வெங்காய பஜ்ஜி தின்றிருக்க வேண்டும். அந்த வாடையோடு என் மூச்சே என் முகத்தில் திரும்பி அடித்தது. அப்போதுதான் இன்னொரு முகமூடியின் வாடை ஞாபகம் வந்தது. அது பாச்சை உருண்டையும் பழைய மரமும் கலந்த வாடை.

தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். புது மிஷின் பழகுவதற்காக எங்கள் கம்பெனி என்னையும் ஏழுமலையையும் மூன்று மாசத்துக்கு அங்கே அனுப்பியிருந்தது. ஏழுமலை அரியாங்குப்பத்துக்காரன், என்னைவிட நாலு வயசு சின்னவன். கைவேலையில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான். ஆனால் இங்கிலீஷ் வராது. அவன் பேசுவதை ஃபோர்மனுக்கு இங்கிலீஷில் சொல்கிற துரை நான்தான். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தப் பெருமையில் மங்கி குல்லாவோடு டையும் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போன ஆள் நான்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள், ஏழுமலை டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், மிஷினில் அவன் போட்டு வைத்திருந்த ஒரு அளவை நான் பெரிய மேதாவி மாதிரி மாற்றினேன். அவன் வந்து பட்டனை அழுத்தினான். கட்டர் சர்ரென்று இறங்கி இரும்பில் மோதி உடைந்த சத்தத்தில் ஷெட்டே நின்றுவிட்டது. ஃபோர்மன் ஓடி வந்தான். வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும் அவனுக்கு. அந்தக் கையை மிஷின் மேல் வைத்து, என்ன நடந்தது என்று கேட்டான்.

“ண்ணா, அளவ நான் மாத்தலன்னு சொல்லுண்ணா” என்றான் ஏழுமலை.

நான் ஃபோர்மனிடம், தப்பு தன்னுடையதுதான் என்கிறான், மன்னிக்கச் சொல்கிறான் என்றேன்.

அடுத்த வாரமே அவனைத் திருப்பி அனுப்பினார்கள். ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்காவ எவ்ளோ பேசன. அவனுங்க கேக்கலன்னா நீ இன்னா பண்ணுவ?” என்றான். தெருவெல்லாம் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். திருவிழா பார்க்காமல் போகிறோமே என்று வேறு அவனுக்கு ஏக்கம்.

அந்தத் திருவிழாவுக்கு ஃபாஸ்நெட் என்று பேர். நம்மூர் மயானக்கொள்ளைக்குக் காளி வேஷம் கட்டுகிற மாதிரி, அங்கே குடும்பம் குடும்பமாக வேஷம் கட்டுகிறார்கள். தாத்தா போட்ட மர முகமூடியைப் பேரன் போடுவான். பனி கொட்டுகிற காலையில், தோளில் குறுக்கே மாட்டிய மணிகள் ஜல் ஜல்லென்று குலுங்க, குதித்துக் குதித்து வந்தார்கள். சிலர் கையில் பெரிய புத்தகம். அந்த வருஷம் ஊரில் யார் என்ன கூத்தடித்தார்கள் என்று அதில் படம் போட்டிருக்கும். கூட்டத்தில் அந்த ஆளைத் தேடிப் பிடித்து முகத்துக்கு நேரே விரிப்பார்கள். கோபப்படக் கூடாது, சிரிக்க வேண்டும். அதுதான் முறையாம்.

ஒரு முகமூடிக்காரன் நேரே என்னிடம் வந்தான். பாச்சை உருண்டை வாடை அடிக்கக் குனிந்து புத்தகத்தைப் பிரித்தான். உடைந்த மிஷின். பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டபடி ஒரு கறுப்பு ஆள். மங்கி குல்லாவும் டையுமாக இன்னொரு கறுப்பு ஆள், ஒரு கையால் மிஷினைத் திருகிக்கொண்டே மறு கையால் முதல் ஆளைக் காட்டுகிறான். பக்கத்தைப் பிடித்திருந்த வெள்ளைக் கையுறையில் ஆள்காட்டி விரல் பாதிக்கு மேல் காலியாக மடிந்து கிடந்தது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் ஒரு மிட்டாய் கொடுத்தான். வாங்கித் தின்றேன், வெட்கங்கெட்டவன்.

திருவிழா முடிந்து வேலைக்குப் போனால், அதே ஃபோர்மன் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி குட் மார்னிங் சொல்கிறான். எப்படித் தெரிந்ததோ, தெரிந்தும் ஏழுமலையைத் திரும்பக் கூப்பிடவில்லை, எங்கள் கம்பெனிக்கு ஒரு வரி எழுதவில்லை. மர மூஞ்சிக்குப் பின்னால் நின்றால்தான் வாயில் வரும் என்றால் அதென்ன உண்மை? காறித் துப்பலாம் போலிருந்தது. துப்ப எனக்கென்ன யோக்கியதை? நானும் குட் மார்னிங் சொல்லிவிட்டு மிஷினை ஓட்டினேன். ஊருக்கு வந்து சூப்பர்வைசரும் ஆனேன்.

ஏழுமலைக்கு இங்கே வேலை போய்விட்டது. முத்தியால்பேட்டையில் வெல்டிங் பட்டறை போட்டான். என் வீட்டு கேட் அவன் செய்ததுதான். அதை மாட்டிய அன்றைக்கு, “அந்தத் திருவிழா எப்டிண்ணா இருந்துச்சு?” என்று கேட்டான். மணி, மர முகமூடி, பனி, மிட்டாய் எல்லாம் சொன்னேன். புத்தகத்தைப் பற்றிக்கூடச் சொன்னேன், அந்தப் பக்கத்தைத் தவிர. வாயைப் பிளந்துகொண்டு கேட்டவன், “நம்மள மாதிரி ஆளுங்கள அதுல போடமாட்டாங்க, இல்லண்ணா?” என்று சிரித்தான்.

மாட்டாங்க என்றேன்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது குடோன். பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. ஏழுமலை செத்து மூன்று வருஷம் ஆகிறது.

கரடிக்குள் வேர்த்து ஊற்றியது. இந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. “ஏழுமல, அளவ மாத்தனது நான்தான்டா” என்றேன்.

“உள்ள இன்னா முணுமுணுக்கறீங்க?” மனைவி போனைத் தூக்கிப் பிடித்தாள். “இங்க பாருங்க, சிரிங்க.”

சிரித்தேன்.