சித்தப்பாவுக்காக நான் பேசிய இங்கிலீஷ்

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் ஒன்று, விட்பியில் இரண்டு என்று மூன்று சலூன். என்னிடம் வேலை பழகி லைசென்ஸ் எடுத்தவர்களை எண்ணி முடியாது. எல்லாம் இந்த வாயால் வந்தது. பதினொரு வயதிலேயே அது நன்றாக ஓடியது.

எண்பத்தாறில் சித்தப்பா ரொறன்ரோவில் ஒரு கிழட்டு இத்தாலியரின் சலூனில் வேலை பழகிக்கொண்டிருந்தார். ஊரில் பதினைந்து வருடம் கத்தரி பிடித்தவர். இங்கேயோ லைசென்ஸ்காரர் பக்கத்தில் நில்லாமல் ஒரு தலையைத் தொடக்கூடாது. இன்னும் மூன்று மாதம் முதலாளி கையெழுத்து வைத்தால் லைசென்ஸ். அது வந்தால் நிரந்தர வேலை, அதைக் காட்டி யாழ்ப்பாணத்திலிருந்து சித்தியைக் கூப்பிடலாம். ஆனால் முதலாளி பகலெல்லாம் கோப்பிக் கடையில் சீட்டாடுவார்.

சனிக்கிழமைகளில் சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் நான்தான்.

"ஆரும் வந்து கேட்டால் முதலாளி இப்ப வந்திடுவார் எண்டு மட்டும் சொல்லு. வேற ஒண்டும் கதைக்காதை."

இன்ஸ்பெக்டர் வந்தபோது ரெக்ஸ்டேலிலிருந்து வரும், இங்கிலீஷ் தெரிந்த அண்ணை ஒருவர் சோப்பு நுரையோடு நாற்காலியில் இருந்தார். 'இவர் பழகுகிறவர்தானே?' என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. பழகுகிறவரா, என் சித்தப்பாவா? முதலாளி இந்தப் பக்கம் வருவதே இல்லை, கடையை முழுக்க நடத்துவது இவர்தான் என்று விளாசிவிட்டேன்.

"என்னடா சொன்னனி?"

"உங்களைப் பற்றி நல்லாச் சொன்னனான், சித்தப்பா."

சித்தப்பா இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போனார். அந்த அண்ணை பாதிச் சவரத்தோடு எழுந்து, சித்தப்பாவை வாசலுக்குக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார்.

பிறகு கடிதம் வந்தது. பழகிய காலம் செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதலாளி அவரை நிறுத்திவிட்டார். சித்தப்பா கோழி வெட்டும் ஃபாக்டரிக்குப் போனார். சித்தியின் அலுவல் தள்ளிப்போனது. அடுத்த வருடம் வீட்டின் மேல் ஷெல் விழுந்து சித்தி செத்துப்போனார்.

அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தி எனக்குத் தலைமயிர் வெட்டியது சித்தப்பாதான். ஒருநாள் அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன்:

"உந்தக் கிழவன்தான் காட்டிக்குடுத்திருப்பான், சித்தப்பா."

கத்தரி நின்றது.

"ஓமடா. அவனாத்தான் இருக்கும். தலையை ஆட்டாமல் இரு."

வாசலில் அந்த அண்ணை என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. பின்பக்கம் இன்னும் கட்டையாக வெட்டச் சொல்லிக் குனிந்து கொடுத்தேன்.