கிரேன்காரன் விழித்திருந்தானா?

இரும்பு வார்க்கும் ஷெட்டில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பல்லி என்றால்தான் தெரியும். முப்பதடி உயரத்தில், கூரையை ஒட்டித் தொங்கும் கிரேன் கூண்டுக்குள் இருபத்திரண்டு வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவன் மேலிருந்து மணியடித்தால், "பல்லி சொல்லிடுச்சு, ஒதுங்குங்கடா!" என்று கீழே எவனாவது கத்துவான். எல்லாரும் ஒதுங்குவார்கள். உருகிய இரும்பு நிரம்பிய வாளி அவர்களைத் தாண்டிப் போகும்.

அந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சொட்டு இரும்பு யார்மேலும் சிந்தியதில்லை. சும்மா புகழவில்லை. விபத்துப் பதிவேட்டை வரிவரியாகப் படித்துவிட்டு நிர்வாகத்தோடு மல்லுக்கு நிற்பதுதான் சங்கத்தில் என் வேலை. அவன் ஓட்டிய கிரேனுக்கு எதிரே எப்போதும் வெற்றுக் கட்டம்தான். பத்தொன்பது வயதில் கசடு அள்ள வந்தவன். வாளி எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்தப் பக்கமே கிரேனையும் ஒரு சாண் நகர்த்தி ஆட்டத்தை அடக்கிவிடுவான். இதை அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதிகம் பேசமாட்டான். வீட்டில் மனைவி தையல் மெஷின் வைத்திருந்தாள். அவளும் அவனும்தான்.

வேறொரு ஆலையில் கிரேன் ஓட்டியவர் கண்ணயர்ந்து நாலு பேர் வெந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கும் மெஷின் வந்தது. தலையில் ஒரு பட்டை. அதில் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டும் ஐந்து உலோகப் பொத்தான்கள். எதிரே கண்ணைப் பார்த்தபடி ஒரு சின்னக் கேமரா. அசதி வந்தால் மூளையின் அலை மந்தமாகுமாம், இமை மூடித் திறக்க நேரமெடுக்குமாம், விழி மிதக்குமாம். எல்லாவற்றையும் சேர்த்து நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். அறுபதுக்குக் கீழே போனால் மஞ்சள் விளக்கு. வாளியை இறக்கிவிட்டு ஆளும் இறங்கி அரைமணி உட்கார வேண்டும்.

மெஷின் கொண்டுவந்த பெண் கேன்டீனில் கூட்டம் போட்டு விளக்கினாள். "ஒவ்வொருத்தர் மூளையும் ஒவ்வொரு மாதிரி அலை போடும். அதனால முதல்ல உங்க இயல்பான விழிப்பை அளந்துக்குவோம். அப்புறம் தினமும் உங்களை உங்களோடதான் ஒப்பிடும். வேற யாரோடயும் இல்ல."

இயல்பான விழிப்பு என்றுதான் சொன்னாள். நானும் கேட்டேன். கேட்டுவிட்டு நேரே சங்க ஆபீசுக்குப் போய் நேர் எதிராக ஒரு துண்டறிக்கை அடித்தேன். "தோழர்களே! அளவெடுப்பதற்கு முந்தின நாளே நன்றாகத் தூங்குங்கள். டீ குடித்துவிட்டுப் போங்கள். கண்ணை அகலத் திறந்து உட்காருங்கள். தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்காதீர்கள்!" எங்களுக்குத் தெரிந்த அளவெடுப்பெல்லாம் ஆளைக் கழித்துக்கட்டத்தான். மார்பை அளந்தார்கள், பார்வையை அளந்தார்கள், ஒவ்வொரு முறையும் நாலு பேர் வீட்டுக்குப் போனார்கள். இதுவும் பரீட்சைதான் என்று நினைத்தோம்.

துண்டறிக்கையைப் பாதிப்பேர் கப்பல் செய்து விளையாடினார்கள். பல்லி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். முந்தின நாள் லீவு போட்டுத் தூங்கினான். அதற்கு முன் ஒரு வாரம் பயிற்சி வேறு. "கண்ணாடி முன்னாடி நின்னு முழிக்கிறாரு அண்ணே. கண்ணாடியே பயந்துடும் போல இருக்கு" என்று அவன் மனைவி சிரித்தாள். அளவெடுக்கும் அறைக்குள் மூன்று டீயோடு போனான். கண்ணில் நீர் கட்டியது. இமைக்கவில்லை.

"சார், சாதாரணமா உட்காருங்க" என்றாள் மெஷின்காரப் பெண்.

"இதுதாம்மா என் சாதாரணம்."

அவள் அதை நம்பிப் பதிவு செய்துகொண்டாள்.

இன்னொரு கிரேன்காரன் உண்டு, கொட்டாவி என்று பட்டப்பெயர். வேலை முடிந்து நேராக வந்து, அளவெடுத்த இருபது நிமிஷமும் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். மெஷின் அதையே அவனுடைய விழிப்பு என்று எடுத்துக்கொண்டது. பிறகு அவனுக்குத் தினமும் தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று. பல்லிக்கு ஐம்பத்தெட்டு. மறுநாள் ஐம்பத்தாறு. அடுத்து ஐம்பத்துநாலு.

"டேய் பல்லி, நான் குறட்டை விட்டாக்கூட எண்பது காட்டும்டா. உனக்கென்னடா கேடு?" என்றான் கொட்டாவி.

"வீட்ல ராத்திரியெல்லாம் என்னப்பா வேலை?" என்றார் சூப்பர்வைசர். ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சட்டம் இதுதான்: ஒரே வாரத்தில் மூன்று மஞ்சள் விழுந்தால் ஒரு நோட்டீஸ், மூன்று நோட்டீசுக்குக் கூண்டு கிடையாது. முதல் நோட்டீஸ் வந்ததும் பல்லி மெஷினோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தான். எட்டு மணிநேரமும் கண்ணை அகலத் திறந்துவைத்தே ஓட்டினான். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு ஏறினான். வீட்டுக்குப் போனதும் சாப்பிட்டும் சாப்பிடாமலும் படுத்தான். தூக்கம் வரவில்லை. வராததால் பயந்தான். பயந்ததால் இன்னும் வரவில்லை.

"தூக்கத்தையும் டூட்டி ஆக்கிட்டாங்க அண்ணே" என்றாள் அவன் மனைவி. இப்போது அவள் சிரிக்கவில்லை. "பக்கத்துல படுக்கவே பயமா இருக்கு. நான் புரண்டு படுத்தா அவருக்கு மார்க் குறைஞ்சிடுமோன்னு."

இரண்டாவது நோட்டீசும் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மெஷின்காரப் பெண்ணிடம் ஓடினேன். கெட்டவள் இல்லை. அவனுடைய முதல் நாள் பதிவைத் திரையில் திறந்து பார்த்துவிட்டு நெற்றியில் கைவைத்தாள்.

"இது விழிப்பு இல்ல சார். பயம். இதோட ஒப்பிட்டா எந்த மனுஷனும் தூங்குற மாதிரிதான் தெரிவான். யாரு சார் இவருக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?"

நான்தான் என்றேன்.

மறுபடி அளக்க மேலிடத்து அனுமதி வேண்டும், அதுவும் ஒரே ஒருமுறைதான். அவளே அலைந்து வாங்கினாள்; அதுவரை மூன்றாவது நோட்டீசையும் நிறுத்திவைக்கச் செய்தாள். மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவன் கூண்டில்தான் இருந்தான், தூங்காமல்.

முதலுதவி அறையில் மத்தியானம் உட்காரவைத்தோம். "எதுவும் செய்யாதே. சும்மா உட்காரு" என்று சொன்னேன். சொன்னபடி சும்மாதான் உட்கார்ந்தான். கண் திறந்திருந்தது. பத்து நிமிஷம் ஒழுங்காகப் போனது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பதினோராவது நிமிஷம் திரையில் ஓடிய கோடு மெதுவாகச் சரிந்தது. நாலு விநாடி. பிறகு எழுந்தது. மறுபடி சரிந்தது. ஏழு தடவை.

"முடிஞ்சுதாம்மா?" என்றான்.

"இடையில ரெண்டு தடவ உங்களைக் கூப்பிட்டேனே சார்."

"எப்போ?"

அவள் என்னைப் பார்த்தாள். கூப்பிட்டது எனக்குக் கேட்டிருந்தது.

"நான் தூங்கலியேம்மா. உங்களையேதானே பாத்துட்டிருந்தேன்."

அவள் திரையை அவன் பக்கம் திருப்பிக் கேமரா பிடித்ததைப் போட்டுக் காட்டினாள். கண் திறந்தபடி ஒரு முகம். அவள் குரல் கேட்கிறது. முகம் அசையவில்லை. அவன் அதை மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தான்.

ஆரம்பத்தில் மெஷின் காட்டியது பொய். அன்றைக்குக் காட்டியது நிஜம். அந்தப் பொய்யை நிஜமாக்கியது மெஷின் பாதி, நாங்கள் பாதி.

தூங்கிவிழுந்த அளவு செல்லாது, பழைய அளவேதான் நிற்கும், மூன்றாவது நோட்டீஸ் மறுநாளே வரும் என்று தெரியும். அதற்குள் மூன்று பக்கத்துக்கு மனு எழுதினேன். தவறான அளவை வைத்து ஒரு தொழிலாளியை நோயாளி ஆக்கியிருக்கிறது நிர்வாகம், கூண்டைப் பறிக்காதே, சிகிச்சை கொடு, சிகிச்சை முடியும்வரை மெஷின் மார்க்கைக் கணக்கில் எடுக்காதே. நாற்பத்தோரு பேர் கையெழுத்து. கொட்டாவிதான் முதலில் போட்டான். பல்லி போட வேண்டியதுதான் பாக்கி. அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் நிதானமாகப் படித்தான்.

"போடுங்க, இதுல எழுதியிருக்கிறது எல்லாம் நெசந்தானே" என்றாள் மனைவி.

"எல்லாம் நெசம்தான். ஆனா கீழ நிக்கிறவனைப் பத்தி இதுல ஒரு வரிகூட இல்லியே அண்ணே."

"டேய், இருபத்திரண்டு வருஷமா ஒரு சொட்டு சிந்தாதவன்டா நீ."

"அது முன்னாடி. அந்தம்மா கூப்பிட்டப்ப நான் எங்க போனேன்? சொல்லுங்க. எனக்கே தெரியல." காகிதத்தை என் மடியில் வைத்தான். "இப்ப உங்ககூடப் பேசிட்டிருக்கேனே, நடுவுல எங்கயாவது போயிட்டு வந்தேனா?"

"இல்லடா."

"நீங்க இல்லங்கறீங்க. மெஷின் ஆமாங்குது. எனக்குன்னு ஒண்ணு தெரியணுமில்ல அண்ணே? முன்னெல்லாம் முழிச்சிருக்கோமான்னு யாராவது யோசிப்பாங்களா? இப்ப அதைத்தான் நாள் பூரா யோசிக்கிறேன். யோசிக்கிறவன் வாளியைத் தூக்கக் கூடாது."

அவள் எழுந்து தையல் மெஷினிடம் போய் உட்கார்ந்தாள். துணி எதுவும் எடுக்கவில்லை.

மறுநாள் நோட்டீஸ் வருவதற்கு முன்பே அவன் சூப்பர்வைசரிடம் இரண்டு வரி எழுதிக்கொடுத்தான்: என்னைக் கூண்டிலிருந்து இறக்கிவிடவும், எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. என் மனு அதோடு செத்தது. அவனே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் சங்கம் என்ன செய்யும் என்று நிர்வாகம் கேட்டது.

இப்போது பழைய இரும்பு பிரிக்கும் முற்றத்தில் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறான். பட்டையில்லை, மார்க்கில்லை. இனியாவது தூங்குவான் என்று நினைத்தோம். போன வாரம் பார்த்தபோது கேட்டேன். "தெரியல அண்ணே" என்றான். "பக்கத்துல படுக்கிறவளைத்தான் கேக்கணும்."