கனிசியஸின் கம்பத்து இரைச்சல்

கறியில் உப்புக் கூடினால்கூட என் மனிசன் கனிசியஸ் உப்பு விற்ற கடைக்காரனைத்தான் முதலில் சந்தேகப்படுவார். குருநகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு ரிப்பீற்றர் இருக்கிறது. தெல்லிப்பழையிலிருந்தோ அச்சுவேலியிலிருந்தோ அமெச்சூர் றேடியோக்காரர் ஒருவர் கைப்பெட்டியில் கதைத்தால், அந்த மெல்லிய குரலைப் பிடித்து, பலமாக்கித் திரும்ப வீசும். புயலில் கைபேசி படுத்தால் இதுதான் துணை என்பார். நான் உடுப்புக் காயப்போட்ட இடம் அப்படித்தான் பறிபோனது.

மாசியில் அதற்குள் இரைச்சல் புகுந்தது. ரிப்பீற்றர் சும்மா இருந்தால் ஒன்றுமில்லை. ஒருவர் கதைக்க, அது வீசத் தொடங்கியதும் கரகரவென்று குரலை விழுங்கிவிடும். காற்றடிக்கும் நாளில் இன்னும் மோசம்.

"ஆரோ காது குடுத்துக்கொண்டிருந்து வேணுமெண்டு குழப்பிறான்," என்றார் அவர்.

அந்த ஆரோவுக்கு முகம் கொடுக்க அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. எதிர்வீட்டுச் சிமியோனுக்கு வெல்டிங் பட்டறை. இவரோடு ஒன்றாகப் படித்த கூட்டாளி. அவருடைய மகன் ஜெரிசனுக்குத்தான் எங்கள் மகள் ஷெரோனைப் பேசியிருந்தோம். வரும் ஞாயிறு கோயிலில் கலியாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க இருந்தது.

"சிமியோன் ஏன் செய்யப்போறார்?" என்று கேட்டேன்.

"மார்கழியிலை நத்தார்ப் பண்டிகைக்கு எங்கடை நட்சத்திர விளக்கு தன்ரையை விட உயர நிண்டது. அந்த எரிச்சல்."

மனதோடு வைத்திருந்தாலும் பரவாயில்லை. குருநகர் சிமியோன்தான் குழப்புகிறார் என்று றேடியோவிலேயே சொல்லிவிட்டார். பாழாய்ப்போன இரைச்சல் அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. கேட்டவர்கள் வழியாகக் கதை பட்டறைக்குப் போய்ச் சேர, ஓலை வாசிக்க வேண்டாம் என்று சிமியோன் ஆளனுப்பினார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ரிப்பீற்றர் பெட்டியைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன்.

ஷெரோன் அழவில்லை. அவளும் றேடியோ சோதனை பாஸ் பண்ணியவள். தகப்பனை மேலே இழுத்துப்போய், ஒருவரும் கதைக்காமலே ரிப்பீற்றரை வீச வைத்தாள். பிறகு ஒரு தடியால் அன்ரெனாக் கம்பத்தைத் தட்டினாள். தட்டின நேரமெல்லாம் கரகரத்தது. நிறுத்தினாள், நின்றது.

"சிமியோன் மாமா என்ரை கையைப் பாத்துக்கொண்டே குழப்பிறார், அப்பா? கம்பத்திலை ஏறிப் பாருங்கோ."

ஏறினார். உச்சியில் அன்ரெனாவுக்குக் கீழே ஒரு கட்டுக்கம்பி துருவேறி, காற்றில் கம்பத்தோடு உரசிக்கொண்டிருந்தது. எங்கள் நட்சத்திரம்தான் தெருவிலேயே உயரமாக நிற்கவேண்டும் என்று நத்தாருக்கு அவரே ஏறிக் கட்டியது. தையில் நட்சத்திரத்தைக் கழற்றியவர், அடுத்த நத்தாருக்கு உதவும் என்று கம்பியை விட்டுவிட்டார். துருப்பிடித்த இரும்பு உரசும் இடத்தில், வீசும் அலை உடைந்து இரைச்சலாக நம் காதுக்கே திரும்புமாம். இவ்வளவும் தெரிந்த மனிசன் எதிர்வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பியை வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். சிமியோன் கம்பியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எனக்கு மட்டும் சொல்லி என்ன? எல்லாருக்கும் கேக்க எல்லோ சொன்னனீ. அங்கையே சொல்லு."

மூவரும் மாடிக்கு வந்தோம். ஷெரோன் ஏற்கெனவே பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். என் மனிசன் மைக்கை எடுத்தார். சிமியோனில் ஒரு பிழையும் இல்லை, நான் கட்டின கம்பிதான், மன்னிக்கவேணும் என்றார். ஒளிந்துகொள்ள ஒரு பொட்டு இரைச்சலும் இல்லை. அச்சுவேலிக்காரர் உடனே பதில் தந்தார், குரல் தெளிவாகக் கேட்கிறதாம்.

சிமியோன் காதைத் தடவினார்.

"எனக்கு வடிவாக் கேக்கேல்லை. திருப்பிச் சொல்லு."

என் மனிசன் அவரைப் பார்த்தார், ஷெரோனைப் பார்த்தார். முழுவதையும் முதலிலிருந்து திருப்பிச் சொன்னார்.

"ஓம், இப்ப கேட்டுது," என்றார் சிமியோன். "ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கட்டும்."