முகப்புப் பக்கத்தில் குடும்பம்

விழுப்புரத்தில் ஒரு பட்டுக் கடைக்கு பிளவுஸ்களில் ஆரி வேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் உட்கார்ந்து முதுகொடிய ஒவ்வொரு மணியாகக் கோர்ப்பவள் நான். உள்ளே கடைப் பெயரைத் தைத்து விற்பவர் கடைக்காரர். இந்தக் கை யாருடையது என்று ஒரு ஜீவனுக்கும் தெரியவில்லையே என்ற கடுப்பில் ஒரு இணையதளம் ஆரம்பித்தேன். கோபம் வந்தால் நான் இப்படித்தான், எதையாவது ஆரம்பித்துவிடுவேன்.

தளத்தை ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. புதுச்சேரி வாடிக்கையாளர் ஒருத்திதான் வழி சொன்னாள். கைவேலைத் தளங்களை வகை பிரித்துத் தொகுத்து வைக்கும் பட்டியல் தளம் ஒன்று இருக்கிறதாம். அங்கே மெஷின் எதையும் சேர்க்காது. ஒரு ஆள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்து, தேறினால்தான் சேர்ப்பாராம். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்கள் அதை நம்புகிறார்களாம். அதில் இடம் கிடைத்தால் விழுப்புரம் கடைக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிடலாம் என்று துள்ளினேன்.

அவர்கள் போட்டிருந்த விதிகளை மூன்று முறை படித்தேன். ‘விரைவில்’ என்று எழுதிய வெற்றுப் பக்கங்கள் கூடாது. அழுத்தினால் திறக்காத இணைப்புகள் கூடாது. சுயபுராணம் கூடாது. என் தளத்தில் இந்த மூன்றும் குறைவில்லாமல் இருந்தன. ஒவ்வொன்றாகக் களைந்தேன்; ‘உலகத் தரம்’ என்று நான் ஓடவிட்டிருந்த சிவப்பு எழுத்தை நிறுத்த மட்டும் மனசே வரவில்லை.

அத்தோடு அனுப்பியிருக்கலாம். ஆனால் பார்க்க வருவது ஒரு மனுஷர் என்றதும் எனக்கு விருந்தாளி வருகிற நினைப்பு வந்துவிட்டது. வெறும் பிளவுஸை மட்டும் காட்டினால் மரியாதையாக இருக்குமா? எங்கள் ஊரில் காதுகுத்து பேனரிலேயே இருபது முகம் சிரிக்கும். ஒரு முகம் விட்டுப்போனால் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இருக்காது. ஆகவே கிரகப்பிரவேசப் படங்களை எடுத்து முகப்பை நிரப்பினேன். உரிமையாளர் என்று கணவர். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மருந்தடிக்கத் தெரியுமே தவிர ஊசி, நூல் அறியாத முகையூர் சின்ன மாமனார், ஆலோசகர். கிளியனூர் நாத்தனார் கைகூப்பி வரவேற்றார். நடுவில் பட்டுச்சேலையில் என் மாமியார், ஆசி வழங்க. பிளவுஸ்கள் எல்லோருக்கும் கீழே, பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி ஒதுங்கி நின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதில் வந்தது. ஆங்கிலம்தான், ஆனால் தன்மையாக எழுதியிருந்தார்கள். இது குடும்பத் தளமா, கட்சித் தளமா என்று பிடிபடவில்லையாம். கீழே இருக்கும் வேலைப்பாடு மிக அழகாக இருக்கிறதாம். ‘படத்தில் இருப்பவர்களில் இதைச் செய்தவர் யார்?’ என்று கேட்டிருந்தார்கள்.

மேலிருந்து கீழே வரை தேடினேன். நான் இல்லை. யாரும் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. விழுப்புரம் கடைக்காரரை வாய்க்கு வாய் திட்டிக்கொண்டிருந்த நான், அவர் செய்ததையே இன்னும் சுத்தமாகச் செய்திருந்தேன். என்மேலேயே எனக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

அன்றைக்கே எல்லோரையும் தூக்கினேன். துணி மாட்டிய ஃபிரேமுக்கு முன்னால் ஊசியோடு உட்கார்ந்திருக்கும் என் படம் ஒன்றைப் போட்டு, பெயரை எழுதி மறுபடி அனுப்பினேன். சேர்த்துக்கொண்டார்கள். பட்டியலில் ஒரே வரி: ‘திண்டிவனத்தில் ஆரி வேலை செய்யும் பெண்ணின் தளம்.’

இனி வீட்டில் பூகம்பம்தான். முகப்பில் தன் படத்தைக் காட்டி தெருவில் நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தார் மாமியார். அவரே போனைக் கொண்டுவந்து திறக்கச் சொன்னார். பதில் பேசத் தயாராக வரிந்துகட்டி நின்றேன். அவர் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். என் படத்தில் விரல் நின்றது.

“எங்களையெல்லாம் எடுத்துட்டியா? சரி, போவுது. முன்னாடி நாங்க அத்தினி பேரும் நின்னோமே, அதுல நீ எங்க இருந்த?”

மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பதில் எதற்கும் அந்தக் கேள்வி பொருந்தவில்லை.

“நான்தான் அத்தை உங்களையெல்லாம் போட்டோ எடுத்துக்கினு இருந்தேன்.”